சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்லதான் இருந்தேன், பில்லில் மலேசியான்னு வருது – ரோமிங் காசு எப்படி ஏறிச்சு?

திருச்சி_தாத்தா:
வணக்கம். போன மாசம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் ஒன்பது நாள் தங்கிட்டு வந்தேன். போஸ்ட்பெய்டு நம்பர். கிளம்புறதுக்கு முன்னாடியே சிங்கப்பூருக்கான ரோமிங் பேக் போட்டாச்சு, ஆக்டிவ் ஆன மெசேஜும் வந்தது. இப்போ பில் பார்த்தா பேக் காசு போக 6,240 ரூபாய் கூடுதல். கஸ்டமர் கேரில் "யூசேஜ் இருக்கு சார்"ங்கறதோட சரி. தை மாசம் பேரனுக்குக் காதுகுத்து, மறுபடி போகணும். இந்தத் தடவை வீட்டம்மாவும் வர்றாங்க. எங்கே கோட்டை விட்டேன்? போன், மகன் கொடுத்த பழைய ஐபோன் 13.

காரைக்குடி_பாண்டி:
டேட்டா ரோமிங்கை ஒரேயடியா ஆஃப் பண்ணிடுங்க ஐயா. மகள் வீட்டு வைஃபை போதாதா?

திருச்சி_தாத்தா:
வீட்டுக்குள்ள போதும் தம்பி. பஸ் ஏறினா மேப் வேணுமே. அதுக்குத்தானே பேக்கே போட்டேன்.

ஜூரோங்_செல்வி:
ஐயா, மொத்தத் தொகையை விடுங்க. வரி வரியா விவரம் இருக்கிற பில்லை ஆப்பில் இறக்கிப் பாருங்க. காசு எந்த நாட்டுப் பேரில் விழுந்திருக்கு? மகள் வீடு எந்தப் பக்கம்?

திருச்சி_தாத்தா:
இறக்கிட்டேன். மலேசியான்னு பதினாலு வரி இருக்கும்மா! நான் அந்தப் பக்கம் கால் வைக்கவே இல்லை. வீடு உட்லண்ட்ஸில், பன்னிரண்டாவது மாடி. பால்கனியில் நின்னா கடல் தெரியும்.

ஜூரோங்_செல்வி:
அந்தக் கடல்தான் வேலையைக் காட்டியிருக்கு. அது ஜோகூர் நீரிணை. ரெண்டு நாட்டையும் இணைக்கிற காஸ்வே பாலம் பக்கம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான் அகலம், அக்கரையில் மலேசியாவோட ஜோகூர் பாரு. உங்க மகள் போனில் இருக்கிறது உள்ளூர் சிம், தன் நெட்வொர்க் கிடைக்கிற வரை அதை விடாது. உங்க இந்திய சிம்முக்கு ரெண்டு கரையும் அந்நியம். எந்த டவர் கிடைக்குதோ அதில் ஏறிக்கும். உயரமான மாடி, எதிரே வெறும் தண்ணி, மலேசிய சிக்னலுக்குத் தடையே இல்லை. பேக் சிங்கப்பூருக்கு மட்டும்னா, மலேசிய டவரில் போன ஒவ்வொரு எம்பியும் பேக் இல்லாத ரேட்தான். போட்டோ பேக்கப், வாட்ஸ்அப் வீடியோ தானா இறங்குறது, எல்லாம் நீங்க தூங்கும்போதும் நடக்கும்.

ராம்நாட்_ரஃபி:
தனுஷ்கோடியில் எனக்கு இதே கதை. அரிச்சல்முனையில் நின்னுட்டிருக்கேன், இலங்கைக்கு நல்வரவுன்னு மெசேஜ்! நேரம் மாறினாலாவது சந்தேகம் வரும். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம், சிங்கப்பூர் – மலேசியாவும் அப்படித்தான். கடிகாரம் காட்டிக் கொடுக்காது.

திருச்சி_தாத்தா:
அட! முதல் ராத்திரி மலேசியான்னு ஒரு மெசேஜ் வந்தது, விளம்பரம்னு அழிச்சுட்டேன். இதுக்கு என்ன வழி?

ஜூரோங்_செல்வி:
செட்டிங்ஸில் நெட்வொர்க் செலக்‌ஷன் போய் ஆட்டோமேட்டிக்கை அணைங்க. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, கூடவே மேக்சிஸ் மாதிரி மலேசியப் பேர்களும் வரும். உங்க பேக் எந்த சிங்கப்பூர் நெட்வொர்க்கில் செல்லும்னு கம்பெனி போட்டிருப்பாங்க, அதை மட்டும் தொடுங்க. இல்லேன்னா ரெண்டு நாட்டுக்கும் சேர்த்து இருக்கிற பேக்கா போட்டுடுங்க, தலைவலி இல்லை.

என்னைக் கேட்டா பேக்கே வேண்டாம். சாங்கி ஏர்போர்ட்டில் இறங்கினதும் பாஸ்போர்ட்டைக் காட்டி டூரிஸ்ட் சிம் வாங்கலாம், இல்லை ஊரிலிருந்தே இ-சிம் (அட்டை இல்லாம போனுக்குள்ளேயே பதியற சிம்) போட்டுக்கலாம். இந்திய சிம் ஓடிபிக்கு மட்டும் உள்ளே இருக்கட்டும்.

காரைக்குடி_பாண்டி:
அப்போ நான் சொன்ன மாதிரி டேட்டா ரோமிங் ஆஃப்தானே?

ஜூரோங்_செல்வி:
இந்திய சிம்முக்கு மட்டும் ஆஃப் அண்ணே. வெளிநாட்டுப் பயண இ-சிம் பெரும்பாலும் ரோமிங்கில்தான் ஓடும், அதுக்கு ஆன் பண்ணலைன்னா நெட்டே வராது. ரெண்டையும் அணைச்சுட்டு "இ-சிம் ஏமாத்து வேலை"ன்னு திட்டுறவங்கதான் அதிகம். ஐபோனில் இன்னொரு பொறி இருக்கு: "அலோ மொபைல் டேட்டா ஸ்விட்சிங்". அது ஆனில் இருந்தா இ-சிம் சிக்னல் விட்டுப் போறப்போ டேட்டாவை இந்திய சிம்முக்குத் தாவ விடும். அதையும் அணைங்க.

ராம்நாட்_ரஃபி:
கால் ஃபார்வர்டையும் மறக்காதீங்க. நாம எடுக்காத கால் வாய்ஸ்மெயிலுக்கோ வேற நம்பருக்கோ திரும்பினா அதுக்கும் காசு போகலாம். திருச்சியிலேயே ##002# அடிச்சு எல்லா ஃபார்வர்டையும் எடுத்துடுங்க. வாட்ஸ்அப் "நம்பர் மாற்றவா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, பழைய நம்பரிலேயே ஓடும்.

பழைய பில்லுக்கு, போனில் பேசி நேரத்தை வீணாக்காதீங்க. புகாரைப் பதிஞ்சு டாக்கெட் நம்பர் வாங்குங்க. அந்தப் பதினாலு வரியையும் விமான டிக்கெட்டையும் இணைச்சு அனுப்புங்க. பதில் திருப்தி இல்லைன்னா அதே கம்பெனியின் அப்பலேட் அதாரிட்டிக்கு, அதாவது மேல்முறையீட்டுக்குப் போகலாம். முழுசும் திரும்ப வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

திருச்சி_தாத்தா:
தை முடிஞ்சு வந்தாச்சு. பழைய பில்லில் 4,000 கழிச்சாங்க, மிச்சம் என் கணக்கு. இந்தத் தடவை என் போனுக்கு இ-சிம். வீட்டம்மாவோட போன் இ-சிம் ஏற்காத மாடல், அதுக்கு மட்டும் சாங்கியில் சிம் வாங்கினோம். நெட் ஒரு நிமிஷம்கூட நிக்கலை. கூடுதல் செலவு ஒரே ஒரு கால்தான்: காதுகுத்து அன்னைக்கு லோன் வேணுமான்னு கேட்டு ஒரு பொண்ணு இந்திய நம்பருக்குக் கூப்பிட்டுது. மரியாதைக்கு எடுத்துப் பேசிட்டேன்.