விலங்கியலிலிருந்து கால்நடை மருத்துவத்துக்கு மாறியவர்கள் யாராவது?

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன், வயது 28. 2020-இல் விலங்கியல் பட்டம் முடித்தேன். இறுதியாண்டு ஆய்வு, எலித்தொல்லைக்காகச் செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் கூகைகளைப் பற்றியது. அந்தத் துறையில் வேலை அமையவில்லை.

மூன்று வருடமாக டவுனில் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளர். மாட்டைப் பிடித்துக்கொள்வேன், புண்ணைக் கழுவிவிடுவேன், அவ்வளவுதான். 1974-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டப்படி பதிவுபெற்ற மருத்துவர்தான் சிகிச்சை பார்க்கலாம். ஆனால் தோட்டத்தில் எனக்குப் பெயர் 'மாட்டு டாக்டர்'! ராத்திரி ஆடு குட்டி போடத் திணறினால் என் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

செர்டாங்கிலும் கிளந்தானிலும் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு 5 ஆண்டு. ஓர் இடத்துக்கு இரண்டு முறை மனு போட்டேன். நேர்முகத் தேர்வோடு சரி. பட்டப்படிப்பில் ஏற்கெனவே படித்த பாடங்களுக்கு விலக்கு உண்டா என்று மின்னஞ்சலில் கேட்டேன், பதில் இல்லை. தனியாகச் செலவழித்து வெளிநாடு போக வழியில்லை. பழைய பி.டி.பி.டி.என். (அரசாங்க உயர்கல்விக் கடன் நிதி) கடனே 14,000 வெள்ளி பாக்கி.

விலங்கியல் பட்டத்தோடு மலேசியாவில் கால்நடை மருத்துவம் சேர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: உங்களுக்கு ஒரு பாடமாவது விலக்கு கிடைத்ததா, இல்லை முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்கினீர்களா?