பட்டியல் மனப்பாடம் ஆகிவிட்டது, கட்டுரை மட்டும் புரியவில்லை: எந்த ஆங்கிலச் சொற்களைப் படிப்பது?

பொருளியல் மாணவி (கேள்வி)

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். இளங்கலை பெயருக்கு ஆங்கிலவழி. ஆசிரியர் தமிழில் விளக்குவார், நாங்கள் ஆங்கிலக் குறிப்பை நெட்டுருப் போட்டுத் தேர்வு எழுதுவோம். இப்போது முதுகலைப் பொருளியல் முதலாண்டு. இங்கே அந்தக் கதை நடக்காது. கட்டுரையை நாமே படித்து வர வேண்டும், வகுப்பில் அதைப் பற்றி வாதம்தான் நடக்கும்.

சொல்வளம் போதவில்லை என்று நினைத்து, 'உயர்நிலை ஆங்கிலச் சொற்கள்' என்கிற மாதிரியான ஒரு தடிப் புத்தகத்தை நடைபாதைக் கடையில் வாங்கினேன். 'லகோனிக்', 'கேருலஸ்', 'அப்ஸ்டீமியஸ்' எல்லாவற்றுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பொருள் சொல்வேன். ஆனால் நான் படிக்க வேண்டிய கட்டுரைகளில் இவற்றில் ஒன்றுகூட வருவதில்லை. என்னை நிறுத்துபவை எனக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை அறிக்கைகளில் 2022 முதல் 2024 வரை திரும்பத் திரும்ப ஒரு தொடர் வருகிறது: 'வித்ட்ராயல் ஆஃப் அகாமடேஷன்'. வித்ட்ராயல் என்றால் வங்கியில் பணம் எடுப்பது. அகாமடேஷன் என்றால் விடுதியில் இடம். இரண்டையும் சேர்த்தால் என்ன வருகிறது? 'யீல்டு' என்றால் விளைச்சல் என்று படித்திருக்கிறேன். கடன் பத்திரத்தில் என்ன விளைகிறது? 'அக்கவுண்ட் ஃபார்' என்பதற்கும் வங்கிக் கணக்குக்கும் தொடர்பில்லை என்பது வரைக்கும்தான் புரிந்தது.

என் சந்தேகங்கள்: எந்தச் சொற்களை முதலில் படிப்பது? மொத்தம் எத்தனை தெரிந்தால் போதும்? நோட்டில் தமிழ்ப் பொருள் எழுதி வைக்கலாமா? எழுதவே கூடாது, ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும் என்கிறாள் என் அறைத்தோழி.

ஆங்கிலப் படம் பாருங்கள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பார்க்கிறேன். அவற்றில் யாரும் பணக்கொள்கை பேசுவதில்லை.

மறுபடியும் தேர்வு

தங்கச்சி, பட்டியலை அவ்வளவு எளிதாகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எதற்காகப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. நான் மத்திய அரசு வேலைக்காக எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வுக்குத் தயாராகிறேன். அதில் ஒத்த சொல், எதிர்ச்சொல், ஒரு தொடருக்கு ஒரு சொல் என்று நேரடியாகவே கேட்கிறார்கள். அஞ்சல்தலை சேகரிப்பவருக்கு 'ஃபிலாட்டலிஸ்ட்' என்று தெரிந்தால் மதிப்பெண் கையில். பழைய வினாத்தாள்களில் வந்த சொற்கள் மறுபடி வருவதும் உண்டு. எனக்குப் பட்டியல் சோறு போடும்.

ஆனால் இப்படிக் கேட்கும் தேர்வுகள் குறைந்துவருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் எதிர்ச்சொல்லும் ஒப்புமை வினாக்களும் 2011இல் நீக்கப்பட்டன. இப்போது வாக்கியத்தில் விடுபட்ட இடத்தைப் பொருள் அறிந்து நிரப்ப வேண்டும். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வும் 2016இல் அரிய சொற்களைக் கைவிட்டது. சட்டப் படிப்புக்கான கிளாட் 2020 முதல் முழுக்கப் பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் தேர்வாகிவிட்டது. உங்கள் வேலை கட்டுரை படிப்பது என்றால், என் வழி உங்களுக்கு உதவாது. பெரியவர்கள் யாராவது வருவார்கள்.

பணி ஓய்வு ஆங்கிலத்துறை

வந்துவிட்டேன், தம்பி.

அம்மா, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அரிய சொற்கள் உங்களைத் தடுக்கவில்லை, நடுத்தரச் சொற்கள் தடுக்கின்றன. அரசுக் கலைக் கல்லூரிகளில் வேலை பார்த்த காலம் முழுவதும் நான் பார்த்தது இதைத்தான். ஆனால் கடையில் விற்பது என்னவோ அரிய சொற்கள்தான். அவற்றைச் சொன்னால் அத்தை மகன் வாயைப் பிளப்பான். 'அக்கவுண்ட் ஃபார்' என்று சொன்னால் யார் பிளப்பார்கள்?

சொற்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது நூறாண்டுப் பழைய கேள்வி. அதில் பெரிய வேலை செய்தவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதை அருகிலிருந்து பார்த்தவர். 1935இல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து அவர் ஓர் அகராதி கொண்டுவந்தார். அதில் 24,000 பதிவுகளுக்கு விளக்கம் எழுதப் பயன்படுத்திய சொற்கள் வெறும் 1,490. பிறகு 1953இல், எங்கும் எதிலும் வரும் சுமார் 2,000 சொற்களைத் தொகுத்தார். உங்களுக்கு அந்த 2,000 பெரும்பாலும் தெரிந்திருக்கும். சரியாகச் சொன்னால், அவற்றின் முதல் பொருள் தெரிந்திருக்கும்.

அதற்கு அடுத்த அடுக்குதான் உங்களுக்கு வேண்டியது. நியூசிலாந்தின் வெலிங்டனில் ஏவெரில் காக்ஸ்ஹெட் கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு துறைகளின் கல்வி நூல்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி அலசினார். வெஸ்டின் 2,000 சொற்களை ஒதுக்கிவிட்டு, நான்கு துறைகளிலும் பரவலாக வருபவற்றை மட்டும் எடுத்தார். 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும்) தேறின. 2000ஆம் ஆண்டில் வெளியானது. 'அகாடமிக் வேர்டு லிஸ்ட்' என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். 'அஸ்யூம்', 'டெரைவ்', 'கான்ஸ்டிட்யூட்', 'வேரி', 'சிக்னிஃபிகன்ட்'. பார்த்தால் சப்பென்று இருக்கும். ஆனால் கல்விசார் எழுத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தது. கதைப் புத்தகங்களில் இவை நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் வரும். உங்கள் திரைப்படங்கள் ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

எத்தனை போதும் என்று கேட்டீர்கள். சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் போட்ட கணக்கின்படி, நாவலையும் நாளிதழையும் பிறர் உதவியின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டுமே தெரியாத நிலை அது. மலைத்துப்போக வேண்டாம். 'அஸ்யூம்', 'அஸ்யூம்டு', 'அஸம்ஷன்' எல்லாம் ஒரே குடும்பக் கணக்கு. அத்தனையும் முடித்த பிறகுதான் படிக்கத் தொடங்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. ஒரு துறைக்குள்ளேயே தொடர்ந்து படிப்பவருக்கு அதே சொற்கள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். அது பெரிய சலுகை.

இனி உங்கள் அகாமடேஷனுக்கு வருகிறேன். 'அவனுக்கு ரொம்ப இடம் கொடுக்காதே' என்று வீட்டில் சொல்கிறோம் அல்லவா? அந்த இடங்கொடுப்புதான் இது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மே மாதம், ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியை, 4 சதவீதத்துக்கு இறக்கிக் கடன் வாங்குவோருக்கு இடம் கொடுத்தார்கள். 2022 மே முதல் அதை ஏற்றத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனார்கள். கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்குவதுதான் அந்த 'வித்ட்ராயல்'. யீல்டும் அப்படித்தான்: 'தருவது' என்பது அடிப்படைப் பொருள். வயல் தருவது நெல், பத்திரம் தருவது வருவாய். ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் என்று அகராதி போட்டிருந்தால் ஐந்தையும் தனித்தனியாக உருப்போடாதீர்கள். அடியில் ஓடும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்து வரும்.

'அக்கவுண்ட் ஃபார்' வேறு ரகம். அதன் பின்னால் வருவது எண்ணா காரணமா என்று பாருங்கள். வேளாண்மை மொத்த உற்பத்தியில் இத்தனை சதவீதத்துக்கு 'அக்கவுண்ட்' ஆகிறது என்றால், அவ்வளவு பங்கு அதனுடையது. விலையேற்றத்துக்கு 'அக்கவுண்ட்' ஆகிறது என்றால், அதற்கு அது காரணம். ஆகவே சொல்லைத் தனியாக எழுதி வைப்பதில் பயனில்லை. அகல நோட்டின் இடப்பக்கத்தில் கட்டுரையில் வந்த முழு வாக்கியத்தையும் எழுதி, சொல்லோடு அதன் அக்கம்பக்கத்துச் சொற்களையும் சேர்த்து அடிக்கோடிடுங்கள். வலப்பக்கத்தில் அந்த இடத்துக்கு மட்டும் பொருந்தும் பொருள். ஒரு வாரம் கழித்து இடப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, உங்கள் பாடத்திலிருந்தே ஒரு புது வாக்கியம் எழுதிப் பாருங்கள். எழுத வராத சொல் இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

முன்னொட்டுகளைக் கவனியுங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள். 'டிஃப்ளேஷன்' என்றால் விலைவாசியே இறங்குவது. 'டிஸ்இன்ஃப்ளேஷன்' என்றால் விலைவாசி ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஏறும் வேகம் குறையும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் விடையே தலைகீழாகிவிடும்.

செய்தி மேசை

நாளிதழில் மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. தமிழ்ப் பொருள் எழுதலாமா என்ற கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தாராளமாக எழுதுங்கள். உங்கள் அறைத்தோழி சொல்வதைக் கேட்டு அரை வருடம் வீணாக்க வேண்டாம்.

தமிழ்வழியில் படித்ததைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது முதலாகத் தெரிகிறது. 'இறுதிநிலைப் பயன்பாடு', 'தேவை நெகிழ்ச்சி', 'பணவீக்கம்', 'நிதிப் பற்றாக்குறை' எல்லாம் பள்ளியிலேயே கருத்தாகப் புரிந்துகொண்டவர் நீங்கள். பெயர்ப்பலகையை மாற்றி மாட்டுவதுதான் மிச்சம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினோராம் வகுப்பில் நுண்ணியல் பொருளியல், பன்னிரண்டாம் வகுப்பில் பேரியல் பொருளியல். இரண்டு மொழிப் பதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பாடத்தைப் படியுங்கள். கலைச்சொல் மட்டுமல்ல, 'ஏனெனில்', 'அதேசமயம்', 'இதற்கு உட்பட்டு' போன்ற இணைப்புகளுக்கு ஆங்கிலத்தில் என்ன வருகிறது என்பதும் கண்ணில் படும். வாதத்தின் மூட்டுகள் அவை. அவை தெரியாமல்தான் பலர் கட்டுரையைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

தமிழ் நம்மை இழுக்கும் இடங்களும் உண்டு. தமிழில் 'பற்றி' வருவதால் 'டிஸ்கஸ்' உடன் 'அபவுட்' சேர்க்கிறோம். ஆங்கிலத்துக்கு அது வேண்டாம். 'எம்ஃபசைஸ்' உடன் 'ஆன்' சேர்ப்பதும் அந்த வகைதான்.

உச்சரிப்பை அகராதித் தளத்தின் ஒலிப்பொத்தானை அழுத்திக் கேட்டுவிடுங்கள். உங்கள் துறையில் தினமும் வரும் 'டெட்' என்ற சொல்லில், அதாவது கடனில், 'பி' எழுத்து ஒலிக்காது. கருத்தரங்கில் 'டெப்ட்' என்று சொல்லிவிட்டு, யாரோ சிரித்ததால் மீதிக் கட்டுரையை முணுமுணுத்து முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொருளியல் மாணவி

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, பாடநூல் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, இன்றே இறக்கிக்கொள்கிறேன். ஐயா, இரண்டு கேள்விகள். செயலி ஏதாவது பயன்படுத்தலாமா? அப்புறம், அந்த அறிக்கைகளில் 'ஹெட்விண்ட்ஸ்', 'ஸ்டிக்கி' என்றெல்லாம் வருகின்றனவே, அவற்றையும் நோட்டில் ஏற்றலாமா?

பணி ஓய்வு ஆங்கிலத்துறை

பயன்படுத்தலாம். 'அன்கி' ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு கேட்கும். அதன் அடிப்படை பழையது. செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972இல் அட்டைப் பெட்டி முறையைச் சொன்னார்: தெரிந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும், தாமதமாகத் திரும்பி வரும்; மறந்த அட்டை முதல் அறைக்கே வரும், நாளையே முகத்தைக் காட்டும். பிறர் செய்து வைத்த அட்டைத் தொகுப்புகளை இறக்காதீர்கள். அது அந்தத் தடிப் புத்தகத்தையே கைப்பேசியில் வைத்துக்கொள்வதாகும். உங்கள் நோட்டிலுள்ள வாக்கியங்களை மட்டும் ஏற்றுங்கள்.

அகராதி என்றால், கற்போருக்கான அகராதி ஒன்று அவசியம். லாங்மன் அகராதி 1978 முதல் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் விளக்கம் தருகிறது. வெஸ்ட் போட்ட பாதைதான். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தமிழுக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் கொண்டுவந்த ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். புதுச் சொற்கள் இருக்காது. ஒரு சொல்லுக்கு அது அடுக்கும் தமிழ்ச் சொற்களைப் படிப்பதே தனி இன்பம், அதற்காகச் சொல்கிறேன்.

ஹெட்விண்ட் எதிர்க்காற்று, கப்பலோட்டிகளிடமிருந்து வந்தது. வளர்ச்சிக்கு எதிராக நிற்கும் சூழல்களைச் சொல்கிறார்கள். பணவீக்கத்தை 'ஸ்டிக்கி' என்றால், இறங்க மறுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். படிக்கும்போது புரிந்தால் போதும். விடைத்தாளில் இவற்றை அள்ளி வைக்காதீர்கள். வங்கி அதிகாரிக்கு அழகாக இருப்பது முதலாண்டு மாணவியின் விடையில் இரவல் நகையாகத் தெரியும்.

வேறு சந்தேகம் வந்தால் கேளுங்கள், ஆனால் வாக்கியத்தோடு போடுங்கள். தனிச்சொல்லாகப் போட்டால் நான் பதில் எழுதப்போவதில்லை.