பள்ளி நூலகம் என் தலையில விழுந்திருக்கு, எங்கேர்ந்து ஆரம்பிக்க?

சாக்பீஸ்தூள்:
வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில தமிழ் எடுக்குறேன். போன மாசம் ஹெச்எம் கூப்பிட்டு, நூலகத்தையும் நீங்களே பாத்துக்கங்கன்னு சாவிக்கொத்தக் கையில குடுத்துட்டாங்க. மூணு பீரோ. ரிஜிஸ்டர்ல 1,140 புத்தகம், எண்ணிப் பாத்தா 1,097 தான் இருக்கு. அதுலயும் பாதி பழைய சிலபஸ் நோட்ஸ், போட்டித்தேர்வு கைடு, யாரோ வீடு காலி பண்றப்ப நன்கொடைன்னு தள்ளிவிட்ட தடித்தடி ஆன்மிகம். ஏழாவது படிக்கிற பிள்ளை ஆசையா எடுக்குறதுக்குன்னு பாத்தா ரெண்டு தட்டு தேறும். எனக்கு முன்னாடி இருந்தவங்க "தொலைஞ்சா கைக்காசுதான், பூட்டியே வைங்க"ன்னு சொல்லிட்டு ரிட்டயர்ட் ஆயிட்டாங்க. மானியம் வந்தா என்ன வாங்குறது, பழசை என்ன பண்றது, டூயி நம்பர் (புத்தகத்தைப் பொருள் வாரியா பிரிக்கிற எண்) போடணுமா, எல்லாத்துக்கும் மேல, தொலைஞ்சா நெஜமாவே நம்ம சம்பளத்துல கை வைப்பாங்களா?

மூக்குக்கண்ணாடி:
30 வருஷம் நூலகத்துல குப்பை கொட்டினவன் சொல்றேன் டீச்சர். மொதல்ல அந்தக் குறையுற 43 புத்தகம். சார்ஜ் எடுக்கும்போதே இல்லைன்னு அக்செஷன் நம்பரோட (ரிஜிஸ்டர்ல ஒவ்வொரு புத்தகத்துக்கும் போடற வரிசை எண்) பட்டியல் போட்டு ஹெச்எம் கையெழுத்து வாங்கிடுங்க, இன்னைக்கே. இல்லன்னா நாளைக்கு ஆடிட்ல அது உங்க கணக்குல வந்து உக்காந்துக்கும்.

அடுத்து தொலையுற பயம். மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017ல 215ஆவது விதின்னு ஒண்ணு இருக்கு, வருஷத்துல இரவல் குடுத்ததோ எடுத்துப் பாத்ததோ 1,000 புத்தகம்னா அதுல 5 காணாமப் போறது சகஜம்னு ஒத்துக்குது, அலட்சியமோ நாணயக்கேடோ காரணமா இல்லாத வரைக்கும். 1,000 ரூபாய்க்கு மேல விலை, இல்ல அரிய புத்தகம்னாதான் கண்டிப்பா விசாரணை. மாநிலப் பள்ளியை இது நேரடியா கட்டுப்படுத்தாது, ஆனா ஹெச்எம்கிட்ட பேசறதுக்கு நல்ல ஆயுதம். கணக்கு எதை வச்சுன்னு கவனிங்க, பீரோவுல இருக்கிறதை வச்சு இல்ல, வெளிய போறதை வச்சு. வருஷத்துக்கு 2,000 தடவை இரவல் போனா 10 தொலையலாம், பூட்டி வச்சிருந்தா ஒண்ணுகூடத் தொலையக் கூடாது 😀. நூலக அறிவியல் மேதை, நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931லயே "நூல்கள் பயன்படுத்துவதற்கே"ன்னு மொத விதியா எழுதி வச்சாரு, அதுக்கு விளக்கம் சொல்றப்ப ஐரோப்பாவுல புத்தகத்தைச் சங்கிலியால கட்டி வச்ச கதையும் வரும். நாம சங்கிலிக்குப் பதிலா பீரோ வச்சிருக்கோம், அவ்ளோதான்.

வேப்பமரத்தடி:
டூயி வேணாம் டீச்சர், ப்ளீஸ். நானும் ஆர்வத்துல பண்ணேன், தமிழ் இலக்கியம்னா 894.811, நாட்டுப்புறக் கதைன்னா 398.2ன்னு ரெண்டு மாசம் உக்காந்து ஒட்டினேன். பள்ளிக்கூட நூலகத்துல முக்கால்வாசி கதைப் புத்தகம்தானே, எல்லாம் ஒரே நம்பர்ல வந்து குவிஞ்சுது, எந்தப் பிள்ளையும் நம்பரைப் பாத்து எடுக்கலை. அப்புறம் கிழிச்சுப் போட்டுட்டு அரசுப் பள்ளி வாசிப்பு இயக்கத்துல வந்த நுழை, நட, ஓடு, பறன்னு வாசிப்புத் திறனுக்கு ஏத்த பிரிவு இருக்குல்ல, அதே நாலு நிலைக்கு நாலு கலர் ஸ்டிக்கர். அக்செஷன் நம்பர் மட்டும் விடாதீங்க, ஆடிட்டுக்கு அதுதான் உயிர்.

அட்டை முன்னாடி தெரியிற மாதிரி கொடிக்கயிறு கட்டித் தொங்க விடுங்க. முதுகு மட்டும் தெரியிற புத்தகத்தை நாலாவது படிக்கிற பிள்ளை தொடவே மாட்டான். இரவல் நோட்டை எட்டாவது பிள்ளைங்க ரெண்டு பேர்கிட்ட குடுத்துடுங்க, நம்மளவிட கறாரா இருப்பாங்க, என்கிட்டயே "டீச்சர் நீங்க இன்னும் திருப்பித் தரலை"ன்னு கேட்டுச்சு ஒண்ணு.

மூக்குக்கண்ணாடி:
கலர் ஸ்டிக்கர் சரி, ஆனா அறிவியல், வரலாறு இதையாவது தனித் தட்டா பிரிங்க. எல்லாப் பிள்ளையும் கதை மட்டும் கேக்குதுன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது.

புளியங்கொட்டை:
வாங்குறதைப் பத்தி யாரும் சொல்லலையே. சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக் கல்வித் திட்டத்துல வர்ற நூலக மானியம், பள்ளி எந்த வகுப்பு வரைன்னு பாத்து 5,000லேர்ந்து 20,000 ரூபாய் வரைக்கும்தான், அதுல செட் செட்டா பளபளன்னு கொண்டு வர்ற ஏஜென்ட்கிட்ட மாட்டிக்காதீங்க. நேஷனல் புக் டிரஸ்ட்டோட நேரு பால புத்தகாலயம் வரிசை, பாரதி புத்தகாலயத்தோட சிறுவர் புத்தகமெல்லாம் மெலிசா, விலை கம்மியா இருக்கும். ஒரே தடிப் புத்தகத்துக்குப் பதிலா மெலிசு பத்து வாங்கலாம். சென்னைப் புத்தகக் காட்சியில 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். காசே இல்லன்னா ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்க் கதை இலவசம், பிரிண்ட் எடுத்து பின் அடிச்சுடலாம். பள்ளிக் கல்வித் துறையோட சிறார் இதழ் ஊஞ்சல், தேன்சிட்டு பழசையும் எடைக்குப் போட்டுடாதீங்க.

பழைய கைடு விஷயத்துல அவசரம் வேணாம். பட்டியல் போட்டு, எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துல தீர்மானம் எழுதி, அனுமதி வாங்குன பிறகுதான் கழிக்கணும். கரையான் பிடிச்சது மட்டும் இப்பவே தனியா எடுத்து வைங்க, பரவிடும்.

சாக்பீஸ்தூள்:
எல்லாருக்கும் நன்றி. 43க்குப் பட்டியல் போட்டாச்சு, ஹெச்எம் கண்ணாடியத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு கையெழுத்து போட்டாங்க. நேத்து லைப்ரரி பீரியட்ல ஒரு பீரோவை மட்டும் தொறந்து வச்சுட்டு பேசாம உக்காந்துட்டேன். ஆறாவது பையன் ஒருத்தன் வந்து "டீச்சர் தொடலாமா"ன்னு கேட்டான். சாயங்காலம் 31 புத்தகம் வெளிய போயிருக்கு. கயிறு கட்ட ஆணி அடிக்கணும், ட்ரில்லர் யாரு வீட்டுல இருக்குன்னு தேடிட்டிருக்கேன்.