ராய்ஸ் லூயிஸை வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா?

எங்கள் பேஸ்பால் ஃபேன்டஸி லீக்கில் (நிஜ வீரர்களை வைத்து நாமே அணி அமைத்து ஆடுவது) கீப்பர் பட்டியல், அதாவது அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்ளும் வீரர்களின் பட்டியல், கொடுக்க வேண்டும், மினசோட்டா ட்வின்ஸின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் ராய்ஸ் லூயிஸ் விஷயத்தில் யாராவது ஒரு வழி சொல்லுங்களேன். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2017 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், வலது முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் இரண்டு முறை கிழிந்தும் 2023-இல் திரும்பி வந்து 58 ஆட்டங்களில் 15 ஹோம் ரன், அதில் நான்கு கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) என்று விளாசினார். அப்புறம் 2024 முதல் ஆட்டத்திலேயே ஒரு ஹோம் ரன் அடித்துவிட்டு, அதே ஆட்டத்தில் தொடைத் தசைக் காயம். 2025 சீசன் தொடங்கும் முன்பே பின்தொடையில் இன்னொன்று. களத்தில் இருந்தால் அடிப்பார் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது, 2024 கடைசி இரண்டு மாதம் ஆடியும் மட்டை ஓய்ந்துதான் கிடந்தது (எனக்குக் காயத்தைவிட அதுதான் கவலை). காயம்பட்டவர்களுக்கு எங்கள் லீக்கில் ஒரே இடம்தான். மூன்றாம் பேஸுக்கு வேறு ஆள் தேடவா, இல்லை எங்கள் லீக்கின் கடைசிச் சுற்றுத் தேர்வை விலையாகக் கொடுத்து இவரையே வைத்துக்கொள்ளவா?