மறு: ரக்கூன் ‘லேட்ரின்’: எச்சக்கிடையா, எச்சக்களமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ரக்கூன் (முகத்தில் கருப்புப் பட்டையும் வாலில் வளையங்களும் உள்ள அமெரிக்க விலங்கு) எச்சமிடும் இடத்துக்குத் தமிழில் என்ன சொல் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இழை நீண்டுவிட்டதால் நியூ ஜெர்சித் தம்பி கேட்டதை மறுபடி மேலே போடுகிறேன்.

> இங்கே எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘நம்ம பகுதியில் ரக்கூன் இருக்கிறதா?’ என்று ஒரு கையேடு எழுதுகிறேன். கால்தடம், எச்சம் வரை வந்துவிட்டேன். ரக்கூன்கள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய்க் கழிக்கும். அந்த இடத்தை ‘ரக்கூன் லேட்ரின்’ என்கிறார்கள். பொதுக் கழிப்பிடம் என்று எழுதலாமா?

வேண்டாம் தம்பி. அந்தச் சொல்லைப் படித்ததும் பேருந்து நிலையமும் வாசலில் சில்லறை கேட்பவரும்தான் கண்முன் வருவார்கள்.

எச்சம் என்ற சொல்லில் யாருக்கும் தகராறு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். மாட்டுக்குச் சாணி, ஆட்டுக்குப் புழுக்கை, யானைக்கு லத்தி என்று நம்மிடம் தனித்தனியாக இருக்கிறது. நாய், பூனை வகைக்குப் பேச்சில் இருக்கும் சொல்லைப் பள்ளிக் கையேட்டில் அச்சிட முடியாது. புலிக் கணக்கெடுப்புச் செய்திகளில் ‘கால்தடம், எச்சம்’ என்றே எழுதிப் பழகிவிட்டது. அதுவே போதும்.

கேள்வி அந்த இடத்துக்குத்தான். ரக்கூன் கண்ட இடத்தில் கழித்துவிட்டுப் போகிற விலங்கு இல்லை. பெரிய மரத்தின் அடி, கிளை பிரியும் கவடு, விழுந்து கிடக்கும் கட்டை, தட்டையான பாறை, வீடென்றால் பரண் என்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒன்று மட்டும் வராது, அந்தப் பகுதியின் பல ரக்கூன்கள் வந்து போகும். பழையதும் புதியதும் கலந்து, கொட்டைகளும் நண்டு ஓடுமாகக் குவிந்து கிடக்கும். விலங்கை நேரில் பார்ப்பதைவிட இதைக் கண்டுபிடிப்பது சுலபம், ஏனென்றால் அது இரவில்தான் நடமாடும்.

கும்பகோணம் அக்கா ‘எச்சத்துறை’ என்றார். படித்துறை, தோணித்துறை போலப் பலரும் வந்துபோகிற இடம் என்ற கருத்து எனக்குப் பிடித்தது. ஆனால் எச்சத்துறை என்றால் அமைச்சர் யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘ஒதுங்கிடம்’ என்று வந்ததும் நயமான சொல்தான். ஆனால் மழைக்கும் ஒதுங்குகிறோம். அதே கையேட்டில் ரக்கூன் பகலில் படுக்கும் மரப்பொந்தைப் பற்றியும் பேச வேண்டும். எது படுக்கிற இடம், எது கழிக்கிற இடம் என்று குழம்பிப்போகும்.

மன்னார்குடி ஐயாவின் ‘எச்சக்கிடை’தான் என்னை யோசிக்க வைத்தது.

> அறுவடை முடிந்த வயலில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுவது எதற்கு? புழுக்கைக்குத்தானே. எச்சமும் ஓரிடமும் சேர்ந்த சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

உண்மைதான் ஐயா. ஆனால் கிடையில் ஆடு ராத்திரி முழுக்கக் கிடக்கும். மறுநாள் பட்டி அடுத்த வயலுக்கு நகர்ந்துவிடும். ரக்கூன் அங்கே தங்குவதே இல்லை, இடம் மட்டும் மாறாமல் இருக்கும். இரண்டும் தலைகீழ்.

என் பரிந்துரை ‘எச்சக்களம்’. ஒரு காரணம் சொல்கிறேன். ரக்கூன் எச்சத்தில் செரிக்காத விதைகள் நிறைய இருக்கும். அவற்றைப் பொறுக்க எலிகளும் பறவைகளும் அங்கே வரும். நம் நெற்களத்தில் தூற்றி முடித்ததும் சிந்திய மணிக்குப் புறாவும் மைனாவும் எலியும் வந்து கூடுகிற மாதிரி. பலர் புழங்குவது, நிலைத்த இடம், பிறகு வருகிற விருந்தாளிகள் என மூன்றையும் களம் தாங்குகிறது. மரக்கவட்டில் எப்படிக் களம் இருக்கும் என்று பட்டுக்கோட்டைத் தம்பி கேட்டிருந்தார். ஆடுகளம், இணையக்களம் என்றெல்லாம் சொல் என்றைக்கோ தரையை விட்டுக் கிளம்பிவிட்டது.

அந்த விருந்தாளிகளைப் பற்றிக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள், சொல்லைவிட அது முக்கியம். ரக்கூனின் குடலில் ஓர் உருளைப்புழு உண்டு. அதன் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்து, 2 முதல் 4 வாரங்களில் தொற்றும் நிலையை அடையும். மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்தும் சாகாது. விதை பொறுக்க வருகிற எலிக்கு இப்படித்தான் தொற்றுகிறது, கையை வாயில் வைக்கும் குழந்தைக்கும் தொற்றலாம், மூளை வரை போகக்கூடியது. எச்சக்களத்தைக் கண்டால் தள்ளி நின்று படம் எடுக்கலாம், குச்சியால் கிளறக் கூடாது.

இனி ஐயாவின் இன்னொரு கேள்வி. ரக்கூனே இல்லாத காவிரிப் படுகையில் இந்தச் சொல் எதற்கு?

இல்லைதான். வட, நடு அமெரிக்கா அதன் ஊர். 1934இல் ஜெர்மனியின் எடர்சே ஏரிப் பக்கம் விட்டது அங்கே பெருகிவிட்டது. இங்கே ‘எங்க தோப்பில் ரக்கூன்’ என்று வாட்ஸப்பில் வருகிற படமெல்லாம் மரநாய். முகத்தில் கருப்புப் பட்டை இருப்பதால் ஏமாறுகிறார்கள். வாலைப் பாருங்கள், மரநாய்க்கு வளையம் இருக்காது. வாலில் வளையம் இருந்து முகத்தில் முகமூடி இல்லையென்றால் அது புனுகுப்பூனை. இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால்தான் ரக்கூன். வாய்க்கால் கரைச் சேற்றில் பதியும் தடத்தை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். மரநாய்க்கும் கீரிக்கும்கூட ஐந்து விரல்தான். ரக்கூனுக்கு விரல்கள் நீளநீளமாகப் பிரிந்து விழும், ஒரு பக்க முன்காலும் மறுபக்கப் பின்காலும் ஜோடியாகப் பதியும்.

ஆனால் நீர்நாய் காவிரியில் உண்டு. கூட்டமாக ஒரே மணல்திட்டில் எச்சமிடும், மீன் செதிலும் முள்ளும் நிறைந்திருக்கும். அதற்கும் எச்சக்களம் அப்படியே பொருந்தும். ரக்கூனுக்காக மட்டும் ஒரு சொல்லை உண்டாக்குவதில் எனக்கு அக்கறை இல்லை, நம் ஆற்றங்கரைக்கும் உதவ வேண்டும்.

அப்புறம் ரக்கூனுக்குத் தமிழ்ப் பெயர். ‘கழுவுகரடி’ வேண்டவே வேண்டாம். ஜெர்மன்காரர்களும் ஜப்பான்காரர்களும் அப்படி அழைக்கிறார்கள் என்பது சரி. ஆனால் அது கரடி இனமும் இல்லை, இரையைக் கழுவுவதும் இல்லை. தண்ணீரில் தடவித் தடவிப் பார்க்கிறது, கை நனைந்தால் தொடுவுணர்வு கூடும். ரக்கூன் ரக்கூனாகவே இருக்கட்டும்.

கொள்ளிடக் கரையில் இருப்பவர்கள் ஓர் உதவி செய்யுங்கள். நீர்நாய் எச்சமிடும் திட்டுக்கு அங்கே மீன் பிடிப்பவர்கள் ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். அப்படி ஒரு சொல் புழக்கத்தில் இருந்தால் எச்சக்களத்தை நானே அடித்துவிடுகிறேன்.