பிரிட்டிஷ் சினிமாவின் பெண்பிள்ளைகள்: படம் சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு உதவி. எங்கள் சிறிய திரையிடல் குழுவுக்காக, பிரிட்டனின் தொழிலாளர் குடும்பத்துப் பதின்வயதுப் பெண்களைப் பற்றிய யதார்த்தப் படங்களைத் தேடுகிறேன். கென் லோச்சின் ‘கெஸ்’, ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ என்று ஆரம்பித்தால் எல்லாமே பையன்கள் கதை!

இதுவரை சிக்கியவை மூன்று. 1961இல் வந்த ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’. சால்ஃபோர்டுக்காரரான ஷீலா டெலானி இதன் மூல நாடகத்தை எழுதியபோது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. அப்புறம் பிராட்ஃபோர்டில் நடக்கும் ‘ரீட்டா, சூ அண்ட் பாப் டூ’, 1987. மூன்றாவது ஆண்ட்ரியா அர்னால்டின் ‘ஃபிஷ் டேங்க்’, 2009. இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எசெக்ஸில், உள்ளாட்சி வாடகைக்கு விடும் ‘கவுன்சில்’ குடியிருப்பில், காலி வீட்டுக்குள் தனியாக நடனமாடும் 15 வயது மியா. நடித்த பெண்ணுக்கு முன் அனுபவமே கிடையாது. டில்பரி ரயில் நிலையத்தில் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது படக்குழுவின் கண்ணில் பட்டாராம். கிட்டத்தட்டச் சதுரமான திரைச் சட்டகத்துக்குள் மியாவை அடைத்திருப்பதைப் பார்த்தால் தலைப்பு ஏன் மீன்தொட்டி என்று புரிகிறது.

1961க்கும் 1987க்கும் நடுவே இப்படி ஏதாவது உண்டா? 2009க்குப் பிறகு ‘ராக்ஸ்’ மட்டும் தெரியும். பெண்கள் இயக்கியவை என்றால் இன்னும் நல்லது. அந்த எசெக்ஸ் உச்சரிப்பு எனக்கே பாதி புரியவில்லை. சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.