டாமினோ வில்லை செய்யப் பலாமரத் துண்டு வேணும்: தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் யாராவது?

பொங்கல் லீவுக்குள்ள ஒரு டாமினோ செட் (புள்ளி போட்ட வில்லைகளைப் புள்ளி எண்ணிக்கை பொருந்துறமாதிரி சேர்த்து வச்சு ஆடுற ஆட்டம்) மரத்துல செய்யணும். செட்டுக்கு 28 வில்லை, உபரியா 2, மொத்தம் 30. வில்லை 5 செ.மீ. நீளம், 2.5 அகலம், 1 கனம். நீளம் அகலத்துக்குச் சரியா ரெண்டு மடங்கு இல்லேன்னா, குறுக்கே வைக்கிற வில்லை கோணிக்கும். ரம்பத்துல போறதையும் சேர்த்தா 1.6 மீட்டர் சட்டம் போதும்.

தஞ்சாவூர்ல வீணை செய்யற பட்டறைகள்ல மிஞ்சுற பலாத்துண்டு விலைக்குக் கிடைக்குமா? நல்லா காஞ்சது வேணும். பச்சை மரம்னா காயும்போது வளைஞ்சுடும். வளைஞ்ச வில்லை மேசையில நிக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் முதுகுப்பக்கம். மர ரேகை ஒவ்வொரு வில்லையிலயும் வேறயா இருக்கும். நாலு ஆட்டம் போனா, கவிழ்த்து வச்சாலும் எது ஆறு-ஆறு (ரெண்டு பாதியிலயும் ஆறு புள்ளி) வில்லைன்னு வீட்டுப் பொடிசுங்க சொல்லிடும்! கறுப்பு பெயிண்ட் தேய்ஞ்சுபோகும். மைக்கா ஒட்டினா ஓரம் பிசிறுமா?

புள்ளி மொத்தம் 168. ஆணியால முதல்ல குறி தட்டிட்டு 4 மி.மீ. டிரில் போட்டா பிட் வழுக்காது. ஆனா பெயிண்ட் ரேகை வழியா ஊறிப் புள்ளி மீசை முளைச்ச மாதிரி ஆகுது. சீலரை (மரத்தோட நுண்துளையை அடைக்கிற பூச்சு) துளை போடுறதுக்கு முன்னாடி அடிக்கணுமா, பின்னாடியா?

ஆசாரி வேலை தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.